விழித்திருந்த வீட்டில் சஹர் பாவா

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கல்யாண வீட்டுச் சஹனில். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்கினால் எனக்குத்தான் அவமானம்.

சஹன் தெரியாதவர்களுக்காக: அது ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோறு, சோற்றின் மேல் இறைச்சி. சுற்றிவர ஆறு பேர் குந்துவார்கள். ஆறு கையும் ஒரே சோற்றில் இறங்கும். இதில் பெரியவன் சின்னவன் கிடையாது என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். (ஈரல் துண்டு யார் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சாப்பிடுகிறவர்கள் சொல்வார்கள்.)

தொண்ணூற்றேழாம் ஆண்டு, செப்டம்பர் மாதம், சாய்ந்தமருதில் ஒரு கல்யாணம். எங்கள் சஹனில் ஐந்து பேர் இருந்தோம். ஆறாவதாகக் குந்த வந்தவர் சமையல் நூஹு. ஊரில் பாதிப் பேருடைய கல்யாணச் சோற்றை ஆக்கியவர். கல்யாண வீட்டுக்காரர் ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்தார்.

"நூஹு காக்கா, நீங்க சொகமில்லாம இரிந்த மனிசன். இதுக்குள்ள நெருக்குப்படாம, அங்கால வசதியா இரிந்து சாப்பிடுங்க."

மூலையில் ஒரு கதிரை. கதிரைக்கு முன்னால் ஒற்றைப் பீங்கான் தட்டு. நூஹு சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். "ஊசி போட்டிரிக்கன். இஞ்ச பாருங்க, சீல்" என்றார். யாரும் பார்க்கவில்லை. அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவர் மூலைக்குப் போனார்.

பயம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் அதை மரியாதை என்றோம். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? என் பக்கம் இருந்த ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மனித உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலானது, தொற்றுக்கும் ஊக்கத் தடுப்பூசிக்கும் இடையிலான கால இடைவெளியைப் பொறுத்து—"

வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை என் மனைவிகூட வாசிக்க மாட்டாள். அவளுக்கு வேறு வழியில்லாத நாட்களிலும்.

இரண்டாவது:

"கல்முனைக் கடலில் செஞ்சூரியன் எழுந்தபோது மைமூனாவின் விழிகளில் ஒரு துளி—"

இதுவும் வேண்டாம். சூரியன் எழுவதற்கு முன்பே எழும்பி, அடுப்பு மூட்டி, முற்றம் கூட்டி, புருஷன் நூஹுவுக்குக் கஞ்சி வைத்தவள் மைமூனா. விழியில் துளியை வைத்துக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை.

மூன்றாவது:

"நூஹுவுக்குக் காய்ச்சல்."

இது போதும்.

3

நூஹுவுக்குக் காய்ச்சல். ஜூலை மாதக் கடைசியில் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஒரு கிழமையில் ஆளைப் பாயோடு சேர்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபொயிட், என்றார்கள். பதினாறு நாள் வார்ட்டில் கிடந்தார். மைமூனா பதினாறு நாளும் கஞ்சிப் பாத்திரத்தோடு பஸ் ஏறினாள். புருஷன் மௌத்தாகிவிடுவான் என்று அவள் நினைத்தது ஒரே ஒரு நாள்தான். அன்று அவர் கஞ்சியில் உப்புக் காணாது என்று சொல்லாமல் குடித்தார்.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார். தோலும் எலும்பும். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கந்தூரிக்கு எத்தின நாள் கிடக்கு?"

ஒக்டோபரில் பள்ளிவாசல் கந்தூரி. அன்று ஊரே வந்து சாப்பிடும். இருபத்திரண்டு வருடமாக முதல் சோற்றுக் கிடாரத்தின் மூடியைத் திறப்பது நூஹுவின் கை. அதற்குச் சம்பளம் கிடையாது. அது அவருடைய நிய்யத்து, மனதில் வைத்த நேர்த்தி. வேறு கல்யாணம், விருந்து எல்லாம் தவறினாலும், அந்த மூடியை அவர் இன்னொருவருக்குக் கொடுத்ததில்லை.

வந்து ஒன்பதாம் நாள், சைக்கிளில் பி.எச்.ஐ. அஸ்ஹர் வந்து இறங்கினார்.

(இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் இவ்வளவு விறைப்பாக இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் குறைத்துத்தான் எழுதுகிறேன். நிஜத்தில் அவர் கக்கத்தில் மூன்று பைல் வைத்திருந்தார். கதைக்கு இரண்டு போதும் என்று ஒன்றை எடுத்துவிட்டேன். அவருடைய பேச்சையும் நான் திருத்தவில்லை. அவர் அச்சில் வருகிற தமிழில்தான் பேசுவார். கந்தோர்ச் சுற்றறிக்கைகளை வாசித்து வாசித்து நாக்கு அப்படிப் பழகிவிட்டது.)

"நூஹு அவர்களே," என்றார் அஸ்ஹர், வாசலில் நின்றபடி. "உணவு கையாளுவோருக்கான தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள்."

நூஹு காட்டினார். மூன்று வருடத்துக்கு முந்திப் போட்ட நெருப்புக் காய்ச்சல் ஊசி. தவணை இந்த ஓகஸ்ட்டோடு முடிகிறது.

"மூன்றாண்டுகள் பூர்த்தியாகின்றன. ஊக்க ஊசி ஏற்றப்படல் வேண்டும். முத்திரை இல்லாத அட்டையுடன் கந்தூரியில் அகப்பையைத் தொட அனுமதி இல்லை."

"சேர்," என்றாள் மைமூனா கதவுக்குப் பின்னாலிருந்து. "அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்துதான் இப்ப சொகமாகி இரிக்காரு. ஒம்பது நாள்தான் ஆகிது. இப்பயே அதுக்கு ஊசி போடலாமா? டொக்டர்ட்ட ஒரு சொல்லுக் கேட்டா என்ன?"

"தங்கச்சி, தவணை என்பது அட்டையில் உள்ளது. காய்ச்சல் என்பது அட்டையில் இல்லை."

இந்த வாக்கியத்தை நான் கற்பனை செய்திருந்தால் என்னைப் பற்றி நானே பெருமைப்படுவேன். செய்யவில்லை.

நூஹு சட்டைக் கையைச் சுருட்டினார். மைமூனா முறைத்தாள். அவர் பார்க்கவில்லை. ஊசி ஏறியது, முத்திரை விழுந்தது. அஸ்ஹர் முத்திரையின் மேல் வாயால் ஊதி மையைக் காயவைத்து, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாட்டை ஒப்படைக்கிற மாதிரி.

4

மறுநாள் நூஹுவின் கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிச் சிவந்தது. பின்னேரம் காய்ச்சல் அடித்தது.

மைமூனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே காய்ச்சல் திரும்பிவிட்டது, இந்தத் தடவை மனிசன் தாங்க மாட்டான் என்றே அவள் முடிவுகட்டினாள். விடிந்ததும் அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். வழி நெடுகிலும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஏசுவதற்கு நிறைய இருந்தது. சாகப்போகிற ஆளை ஏசக் கூடாது என்று வைத்திருந்தாள்.

வார்ட்டில் அவரைப் பார்த்த அதே டொக்டர், யசோதினி. காரைதீவுப் பிள்ளை. வயது முப்பது இருக்கும்.

"என்ன காக்கா, கை இப்படி வீங்கிக் கிடக்கு?"

நூஹு அட்டையை நீட்டினார்.

"ஊசியா? எங்கட வார்ட்டால போய் எத்தின நாள்?"

"பதினொண்டு."

"ஆர் இத இப்ப போடச் சொன்னது?"

"அதெல்லாம் பொறகு டொக்டர்," என்று இடையில் விழுந்தாள் மைமூனா. "காய்ச்சல் திரும்பிட்டா இல்லையா? அத மட்டும் முதல்ல செல்லுங்க."

டொக்டர் நாக்கைப் பார்த்தார். வயிற்றை அமர்த்திப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார்.

"திரும்பல்ல. இது ஊசியால வந்த காய்ச்சல். ரெண்டு நாளையில விட்டிரும்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மைமூனா. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாங்குப் பலகையில் இருந்தாள். இரண்டு மூச்சு விட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "மொறச்சனா இல்லையா? நான் மொறைக்கக்குள்ள மனிசன் வானத்தப் பாத்துட்டு நிக்காரு! சீல் வேணுமாம் சீல்! நெத்தியில குத்திக்கிட்டு வந்திரிக்கலாமே!"

இரண்டு நாள் சேமித்தது. டொக்டர் அது முடியும்வரை காத்திருந்தார். நூஹு மட்டும் வீங்கிய கையைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இந்த ஊசி வீணா டொக்டர்?"

"காக்கா, நோன்பு மாசத்தில விடிய முந்திச் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப பாவா ஒருத்தர் றபானை அடிச்சுக்கொண்டு வருவார்தானே—" என்று டொக்டர் யசோதினி கனிவோடு விளக்கத் தொடங்—

[இல்லை. இதை இங்கேயே விடுகிறேன். வாசகர் பார்க்கட்டும். கதையில் படித்தவர்தான் உவமை சொல்ல வேண்டும் என்ற என் கெட்ட பழக்கம் இது. டொக்டர் அப்படிச் சொல்லவேயில்லை. சொன்னது கீழே உள்ளபடி.]

"முழுக்க வீணெண்டு இல்ல. ஆனா பெரிய பிரயோசனமும் இல்ல. காய்ச்சல் வந்து போன உடம்புக்குள்ள அந்தக் கிருமியோட சண்டை பிடிச்ச ஆக்கள் இன்னும் நிறைஞ்சு நிக்காங்க. ஊசி மருந்து உள்ள போன உடன அவங்களே அதத் துடைச்சுப் போட்டிருவாங்க. உடம்பு புதுசாப் படிக்க ஒண்டும் மிஞ்சாது. சண்டை ஓயோணும். கிருமிட முகத்த ஞாபகம் வெச்சிருக்கிற கொஞ்சப் பேர் மட்டும் மிஞ்சி, அவங்க ஆறுதலா முத்தோணும். அதுக்குப் பிறகு போட்டாத்தான் அவங்க எழும்பி நல்லாப் பெருகுவாங்க."

நூஹு தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் விளங்கவில்லை என்று அர்த்தம். இது மைமூனாவுக்குத் தெரியும்.

"சஹர் பாவாவ யோசிங்க," என்றாள் அவள். "ஊடெல்லாம் முழிச்சிரிந்து சோறு தின்னக்குள்ள, வாசல்ல வந்து நிண்டு றபான அடி அடியெண்டு அடிச்சா ஆரு எழும்புற? முழிச்சிரிக்கவன எப்பிடி எழுப்புற? எரிச்சல்தான் வரும். உங்கட கையில வீங்கிக் கிடக்கிறது அந்த எரிச்சல்தான். சனம் நல்லா ஒறங்கின பொறகு வந்து அடிச்சாத்தான் துள்ளி எழும்பும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "ஓம். அதேதான். நீங்க இத நேர்ஸ்மாருக்கு ஒருக்கா வந்து சொல்லுங்க."

"அப்ப பாவாவ எப்ப வரச் செல்ற?" என்றார் நூஹு. இப்போது உண்மையாகவே விளங்கிவிட்டது.

"நோன்பு கழியட்டும். வந்து காட்டுங்க, பாத்துச் செய்வம்." டொக்டர் சிரிப்பை நிறுத்தினார். "ஆனா காக்கா, சீல் இல்ல பிரச்சின. சில பேருக்குக் காய்ச்சல் போனாலும் கிருமி போகாது. வயித்துக்குள்ள பேசாமக் கிடக்கும். அவங்களுக்கு ஒண்டும் செய்யாது. அவங்கட கையால சாப்பிடுறவங்களுக்குத்தான் செய்யும். மூண்டு தரம் மலம் சோதிச்சு, மூண்டும் சுத்தமெண்டு வரோணும். அதுவரைக்கும் சமைக்கப்படாது. கக்கூசுக்குப் போய் வந்தா சவர்க்காரம் போட்டு, நல்லா உரஞ்சிக் கழுவுங்க."

நூஹு தம் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கை. பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

திரும்பி வரும் வழியில், பஸ் மாவடிப்பள்ளிக்குப் போகிற சந்தியில் நின்றபோது, "எங்கட புள்ளையளும் இந்தக் கையாலதான் தின்ன," என்றார் நூஹு.

"நானும்தான்," என்றாள் மைமூனா. "நான் செத்தா போயிட்டன்?"

5

இனி உங்களுக்குத் தெரிந்த கல்யாணம் வருகிறது. கதிரை, ஒற்றைப் பீங்கான், ஈரல். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்று முதலாவது சோதனை முடிவுகூட வந்திருக்கவில்லை. நாங்கள் பயந்தது பிழை இல்லை. "காக்கா, ரிசல்ட் வரட்டும், பொறகு ஒண்டா இரிப்பம்" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், நூஹு சிரித்துக்கொண்டு கதிரைக்குப் போயிருப்பார். நாங்கள் மரியாதை செய்தோம். அது அவரை ஒரு மாதம் சுட்டது. அவர் வீட்டுக்கு வெளியே சாப்பிடுவதை விட்டார். கடற்கரையில் போய்த் தனியே குந்தினார். மைமூனா போட்ட சோற்றையும் கரண்டியால் சாப்பிட்டார்.

"என்னத்துக்கு இந்தக் கரண்டி?" என்றாள் அவள்.

"கைய நம்பேலாம இரிக்கு."

மைமூனா கரண்டியைப் பிடுங்கிக் கூரைக்கு மேல் எறிந்தாள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.*

* போய்ப் பார்த்தேன். கிடக்கிறது.

முதல் முடிவு வந்தது: சுத்தம். இரண்டாவது வந்தது: சுத்தம். மூன்றாவது மட்டக்களப்பிலிருந்து வர வேண்டும். கந்தூரிக்கு நான்கு நாள்.

இந்த இடத்தில் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும். எனக்கு அரித்தது.

முடிவு அ. கந்தூரிக்குச் சமைக்கிற, பரிமாறுகிற, மேற்பார்வை செய்கிற எல்லோரையும் சோதிக்கும்படி உத்தரவு வருகிறது. நூஹு சுத்தம். கிருமி இருப்பது பி.எச்.ஐ. அஸ்ஹரின் வயிற்றில்! இரண்டு பைலும் கீழே விழுகின்றன. (இதை இரண்டு பக்கம் எழுதி, மிகவும் ரசித்து, கிழித்தேன். அஸ்ஹர் செய்தது அவசரம். அவசரத்துக்கு நெருப்புக் காய்ச்சல் கிருமியைத் தண்டனையாகக் கொடுப்பது, எனக்கு அவர் மேல் உள்ள எரிச்சல் பேசுகிற பேச்சு. என் கையும் அவ்வளவு சுத்தமில்லை, அந்தக் கல்யாண வீட்டிலேயே பார்த்தீர்கள்.)

முடிவு ஆ. மூன்றாவது முடிவு கெட்டதாக வருகிறது. நூஹு கடலை நோக்கி நடக்—

இல்லை. கெட்டதாக வந்திருந்தாலும் அதற்கு மருந்து இருந்தது. ஒரு மனிசனைக் கடலில் இறக்கி வாசகரை அழவைக்கிற வேலையை வேறு யாராவது செய்யட்டும்.

நடந்தது இதுதான். இதை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது.

6

கந்தூரிக்கு இரண்டு நாள் இருக்க, காலை பத்து மணி. மைமூனா கிணற்றடியில் குந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நூஹு விடியவே கடற்கரைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வழக்கமாக எட்டு மணிக்கு வந்துவிடுவார்.

பள்ளி ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரம் இல்லை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஒலிபெருக்கி பேசினால் அது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மரண அறிவித்தல். தெருவில் ஒவ்வொருவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அடுத்த வளவில் உரல் இடித்துக்கொண்டிருந்த சபூறாவின் உலக்கை நின்றது. யாருடைய பெயர் வரப்போகிறது?

"அஸ்ஸலாமு அலைக்கும். கண்ணியத்துக்குரிய ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவித்தல்." அஸ்ஹரின் குரல். "நமதூர்க் கடற்கரை வீதியில் வசிக்கும், சமையல் நூஹு அவர்கள்—"

ஒலிபெருக்கி அறுந்தது.

மைமூனாவின் கையிலிருந்து மீன் நழுவியது. கடல், என்று நினைத்தாள். மனிசன் கடலுக்குள் இறங்கிட்டான். வேலிக்கு மேலால் சபூறாவின் முகம் தெரிந்தது. அந்த முகம் ஏற்கனவே அழத் தயாராக இருந்தது.

கர்ர்ர். டக். டக்.

"—நூஹு அவர்களது மலம், மூன்று தடவைகளும் பரிசோதிக்கப்பட்டு, மூன்று தடவைகளும் பூரண சுத்தமானது என உறுதிப்படுத்தப்பட்டுள்ளது என்பதைப் பொதுமக்களுக்கு மிக்க மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன். அன்னார் கந்தூரிச் சமையலில் ஈடுபடுவதற்கு எவ்விதத் தடையும் இல்லை. மீண்டும் அறியத்தருகிறேன். நூஹு அவர்களது மலம்—"

"யா அல்லாஹ்!" என்றாள் சபூறா. வேலியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். மைமூனாவும் சிரித்தாள். மண்ணில் இருந்தபடியே, மீன் செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். எது சிரிப்பு, எது மற்றது என்று அவளுக்கே பிரிக்க முடியவில்லை. ஒலிபெருக்கி மூன்றாம் தடவையும் அறியத்தந்தது.

நடந்தது என்னவென்றால், டொக்டர் யசோதினி அஸ்ஹரின் கந்தோருக்கு ஒரு சிறு கடிதம் எழுதியிருந்தார்: ஊசியை ஏன் அப்போது போட்டிருக்கக் கூடாது என்று, நோகாமல். அஸ்ஹர் அதை மூன்று நாள் பைலுக்குள் வைத்திருந்தார். நான்காம் நாள் காலையில் அவரே ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்து, முடிவைக் கையால் வாங்கி, நேரே பள்ளிக்கு வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வடிவம் அறிவித்தல்.

நூஹு கால் மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார். வள்ளம் இழுக்கிற ஆட்களோடு நின்று கயிறு பிடித்துக்கொடுத்ததில் நேரம் போய்விட்டதாம்.

"கேட்டீங்களா?" என்றாள் மைமூனா.

"கேட்டன். கரவலைக்காரனெல்லாம் எனக்கு முபாரக் செல்றான்." அவர் முகம் சிவந்திருந்தது. "இனி எப்பிடிகா தெருவால போற?"

"நெஞ்ச நிமித்திப் போங்க. இந்த ஊருல ஒங்கள மாதிரி சீல் குத்தினவன் ஆரிரிக்கான்?"

அன்று பகல் நூஹு கையால் சாப்பிட்டார். மீனில் உப்புக் கூட என்றார்.

7

கந்தூரி. முதல் கிடாரத்தின் மூடியை நூஹு திறந்தார். ஆவி மேலே போனது. ஊர் சாப்பிட்டு முடித்து, கடைசியாகச் சமையற்காரர்களின் சஹன் வைக்கப்பட்டது. அதில் நூஹு குந்தினார். அவருக்கு உதவியாக நின்ற இரண்டு பேர் குந்தினார்கள். பைல்களைத் தூணோரம் வைத்துவிட்டு அஸ்ஹர் வந்தார். ஒரு கணம் நின்றார். "அனுமதி உண்டா?" என்று கேட்டார். நூஹு ஈரல் இருந்த பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பிவைத்தார். அஸ்ஹர் குந்தினார். ஐந்தாவதாக, கூப்பிடாமலே, நான் போய்க் குந்தினேன். நூஹு என்னை ஒரு பார்வை பார்த்தார். சோற்றைக் கொஞ்சம் என் பக்கம் ஒதுக்கிவிட்டார்.

இந்தக் கதைக்கு முடிவு எழுதச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். நோன்பு கழிந்து நூஹு அடுத்த ஊசியைப் போட்டாரா, அப்போது உடம்பு துள்ளி எழும்பியதா என்பது டொக்டரின் கொப்பியில் இருக்கும். எனக்குத் தெரிந்தது இந்தச் சஹன் மட்டும். சோறு சூடாக இருக்கிறது. ஐந்து பேர் இருக்கிறோம், ஆறு பேர் இல்லாமல் யாரும் கை வைக்க மாட்டோம்.

ஆறாவது இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டே வாசித்துவிட்டீர்கள். நூஹுவின் மூன்று முடிவையும் ஊரோடு சேர்ந்து நீங்களும் கேட்டீர்கள். உங்களுடையதை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

வந்து குந்துவதும் குந்தாததும் உங்கள் விருப்பம். வருவதென்றால், கிணற்றடியில் சவர்க்காரம் இருக்கிறது.